வல்லம் வராத கடைசிக் கேசட்

1992 ஆகஸ்ட் 15ஆம் தேதி 'ரோஜா' வெளியானது. அதற்கப்புறம் சில மாதங்களுக்குத் திண்டிவனத்திலும் செஞ்சியிலும் இருந்த ரெக்கார்டிங் சென்டர்களுக்கு வேறு எந்தப் பாட்டுக்கும் நேரமில்லை. தீபாவளிக்குத் 'தேவர் மகன்' வந்து, மிச்சமிருந்த நேரத்தையும் எடுத்துக்கொண்டது. அதே 1992இல் ஆட்டப் பாட்டுகள் அடங்கிய பாப் ஆல்பம் ஒன்றும் கேசட்டாக வந்தது. பெயர் 'கேமரா கேமரா'. பாடியவர்கள் கராச்சிக்கும் லண்டனுக்குமாக வளர்ந்த அக்கா, தம்பி: நாஸியா ஹசன், ஜோஹேப் ஹசன். அவர்களுடைய ஐந்தாவது ஆல்பம் அது, கடைசியும் அதுதான்.

கடைசி என்பதைக் கேசட் வெளிவரும் முன்பே அவர்களே சொல்லிவிட்டார்கள். நம் ஊர்ப் பாட்டுலகத்தில் அப்படிச் சொல்லும் பழக்கம் கிடையாது. வாய்ப்புக் குறையும், குரல் தளரும், ஒரு நாள் ரசிகர்களே "அவர் இப்ப பாடறதில்லையா?" என்று கேட்டுக்கொள்வார்கள். இனிப் பாடுவதில்லை என்று எஸ். ஜானகி 2016இல் அறிவித்தபோது அவருக்கு வயது 78. 'கேமரா கேமரா' வந்த ஆண்டில் நாஸியாவுக்கு 27.

எங்கள் வல்லம் பக்கத்தில் அந்தக் கேசட்டை நான் கேட்டதில்லை, கடையில் பார்த்ததுமில்லை. ஆனால் அதே குரலின் முதல் பாட்டை, பாடியவர் பெயர் தெரியாமலேயே ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. முதல் பாட்டு வந்த தூரம் கடைசிப் பாட்டு ஏன் வரவில்லை என்பதில்தான் எனக்கு அக்கறை. பாட்டு நல்லதா, கெட்டதா என்பது அதற்கு அடுத்த கேள்வி. நல்ல பாட்டெல்லாம் ஊர் வந்து சேர்ந்துவிடுமா என்ன?

கதையை 1980இல் ஆரம்பிக்க வேண்டும். ஃபெரோஸ் கான் எடுத்து நடித்த 'குர்பானி' அந்த ஆண்டு வெளியானது. படத்துக்கு இசை கல்யாண்ஜி-ஆனந்த்ஜி. ஆனால் ஒரு பாட்டு மட்டும் வேறு கையிலிருந்து வந்தது. நாஸியாவின் குடும்பத்துக்கும் நடிகை ஜீனத் அமனுக்கும் பழக்கம் உண்டு. அந்த வழியாக லண்டனில் ஃபெரோஸ் கானின் கண்ணில் பட்டாள் இந்தப் பெண். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவளைப் பிட்டு அப்பையாவிடம் அனுப்பிப் பாடிக்காட்டச் சொன்னார்.

பிட்டு பெங்களூரில் 1945இல் பிறந்தவர். அங்கே 'ட்ரோஜன்ஸ்' என்ற இசைக்குழுவில் கிதார் வாசித்துவிட்டு, 1960களில் இங்கிலாந்துக்குக் கிளம்பிப் போனவர். 1974இல் கார்ல் டக்ளஸ் பாடி உலகம் முழுக்க ஓடிய 'குங் ஃபூ ஃபைட்டிங்' இவர் தயாரித்த பாட்டு. இசைத்தட்டின் பின்பக்கத்துக்கு ஏதாவது ஒன்று வேண்டுமே என்று, ஸ்டுடியோ நேரம் முடிய இருந்த கடைசிப் பத்து நிமிடத்தில் பதிந்தது. முன்பக்கத்துப் பாட்டு என்னவென்று இன்று யாருக்கும் ஞாபகமில்லை. 1976இல் டினா சார்ல்ஸின் 'ஐ லவ் டு லவ்' பாட்டை இங்கிலாந்துப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனவரும் இவர்தான். டிஸ்கோ எங்கோ வெள்ளைக்காரன் செய்த சரக்கு, நாம் இறக்குமதி செய்துகொண்டோம் என்று இங்கே இன்னும் சொல்கிறவர்கள் பிட்டுவின் பிறந்த ஊரை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. திண்டிவனத்தில் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

'ஆப் ஜைசா கோயி' லண்டனில் 24 ட்ராக்கில் பதிவானது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி வரி. வேண்டியதை ஏற்றலாம், வேண்டாததை இறக்கலாம், பிடிக்காவிட்டால் ஒன்றை மட்டும் அழித்து மறுபடி வாசிக்கலாம். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, ஒருவர் தப்பு செய்தால் எல்லாரும் முதலிலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருந்த பதிவு முறைக்குப் பழகிய இந்தியக் காதுக்கு அந்தச் சுத்தமே புதுசு. நாஸியாவின் குரல் மெல்லியது, கொஞ்சம் மூக்கில் நிற்பது. பிட்டு அதே வரியை அவளை இரண்டு தடவை பாட வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். ஒரே ஆள் பாடினாலும் இரண்டு தடவையும் மயிரிழை பிசகாமல் பொருந்தாது. அந்த மயிரிழைப் பிசகுதான் குரலுக்குக் கனம் கொடுக்கிறது. ஒரு பெண் பாடுகிறாளா, அவளும் அவள் நிழலும் சேர்ந்து பாடுகிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாத மாதிரி கேட்கும்.

தமிழ்க் காதுக்கு இந்தக் குரல் அந்நியமாகப் படவில்லை என்றால் அதற்குக் காரணம் உண்டு. அதே காலத்தில் இளையராஜா ஜென்சியைப் பாட வைத்துக்கொண்டிருந்தார். சுசீலா, ஜானகியின் தேர்ச்சி அந்தக் குரலில் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் பாடுகிற மாதிரி இருக்கும், அதுதான் அழகு. ஜென்சியும் சில வருடங்கள் பாடிவிட்டு ஆசிரியர் வேலையோடு நின்றுகொண்டவர். பயிற்சி காட்டாத குரல்களுக்கும் சீக்கிரம் எழுந்து போய்விடுவதற்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நிரூபிக்க முடியாது, விட்டுவிடலாம்.

1981இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான ஃபிலிம்ஃபேர் விருது நாஸியாவுக்குக் கிடைத்தது. வயது 15. பாகிஸ்தானிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள்.

சரி, அந்தப் பாட்டு வல்லத்துக்கு எப்படி வந்தது? திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் இருக்கிற ஊர் இது. இந்திப் படம் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏற வேண்டும். ஆனால் பாட்டுக்குப் பஸ் தேவையில்லை, ரேடியோ செட்காரர் போதும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர், கூழ் ஊற்றும் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று எதுவானாலும் முதல் நாளே வண்டியில் சாமான் வந்து இறங்கும். குழாய் ஸ்பீக்கரை வேப்பமரத்தில் ரோட்டைப் பார்த்துக் கட்டுவார்கள். பந்தலுக்குள் இருப்பவர்களைவிடப் பஸ்ஸில் போகிறவனுக்குத்தான் அது நன்றாகக் கேட்க வேண்டும், அதுதான் கணக்கு. ஆஹுஜா ஆம்ப்ளிஃபயர், அதன் பக்கத்தில் பெட்டி நிறையத் தட்டு. முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அப்புறம் டி.எம்.எஸ். முருகன் பாட்டு. சாப்பாட்டுப் பந்தி ஆரம்பித்தபின் எம்.ஜி.ஆரும் சிவாஜியும். பந்தி ஓய்ந்து, பெரியவர்கள் திண்ணையில் சாய்ந்து, பையன்கள் ரேடியோ செட்காரரைச் சூழ்ந்துகொள்ளும் ஒரு மத்தியான நேரம் உண்டு. அந்த நேரத்துக்கென்றே அவர் சில தட்டுகள் வைத்திருப்பார். இந்திப் பாட்டெல்லாம் அந்த நேரத்தில்தான் வெளியே வரும்.

இந்தி எதிர்ப்பில் பேர் போன தென்னாற்காடு மாவட்டம்தான். அதற்கும் இதற்கும் யாரும் முடிச்சுப் போட்டதில்லை. 'ஆராதனா', 'பாபி', 'ஷோலே' எல்லாம் தமிழ்நாட்டில் மொழிபெயர்ப்பு இல்லாமலே ஓடிய படங்கள். மேடையில் இந்தி ஒழிக என்று முழங்கிவிட்டு வந்த அண்ணன்களே ராஜேஷ் கன்னா பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டு சைக்கிள் மிதித்ததுண்டு. 'குர்பானி' பாட்டும் அப்படியே வந்தது. பாடியது யாரென்று யாரும் கேட்கவில்லை. ஜீனத் அமன் பாட்டு, அவ்வளவுதான். 1986இல் அதே படத்தைச் சிவாஜி, ரஜினிகாந்த், விஷ்ணுவர்தன் நடிக்க 'விடுதலை' என்று தமிழில் எடுத்தார்கள், இசை சந்திரபோஸ். படம் தமிழுக்கு வரப் பிடித்தது ஆறு வருடம். பாட்டுக்கு அவ்வளவு காலம் பிடிக்கவில்லை.

அதாவது நாஸியாவின் முதல் பாட்டு தன் காலால் நடந்து வரவில்லை. சினிமா அதைத் தூக்கிக்கொண்டு வந்தது. இலங்கை பொப் இசைக்கும் இங்கே அதே கதைதான். ஏ.ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா கையில் ஏறிய பிறகுதான் பட்டிதொட்டிக்கு வந்தது. மனோகரன் எவ்வளவோ பாடினார். இங்கே ஊருக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான்.

1981இல் நாஸியாவும் ஜோஹேபும் படம் எதுவும் இல்லாமல் கிளம்பினார்கள். பிட்டுவின் தயாரிப்பில் 'டிஸ்கோ தீவானே' வந்தது. பம்பாயில் முதல் நாளே ஒரு லட்சம் விற்றது என்றும், 14 நாடுகளில் விற்பனைப் பட்டியலில் ஏறியது என்றும் எழுதுகிறார்கள். பிரேசில் வரைக்கும் போனது. இந்தியாவில் நடிகர் முகம் இல்லாமல் ஒரு பாப் ஆல்பம் அந்த அளவுக்கு விற்றது அதற்கு முன் கேள்விப்படாத விஷயம். அட்டையில் இரண்டு பிள்ளைகளின் முகம். ஒருத்திக்கு 16 வயது, இன்னொருவனுக்கு அதற்கும் குறைவு.

ஆனால் இந்த ஆல்பம் பம்பாயில் ஓடிய ஓட்டமும் வல்லத்தில் ஓடிய ஓட்டமும் ஒன்றில்லை. இங்கே அது வந்தது வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்களின் பெட்டியில். நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன், அதனுடன் நாலைந்து கேசட். அதில் ஒன்று இந்தி டிஸ்கோ என்று இருக்கும். அந்த வீட்டில் போட்டால் தெரு கேட்கும், அவ்வளவுதான் அதன் எல்லை. ரேடியோ செட்காரர் அதை வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார். "எந்தப் படம்?" என்று அவர் கேட்பார். "படமில்லீங்க, சும்மா பாட்டு" என்று சொன்னால் அவர் முகத்தில் ஒரு அலட்சியம் வரும். படமில்லாத பாட்டு என்றால் அவருக்குப் பக்திப் பாட்டு, கட்சிப் பாட்டு இரண்டுதான்.

1982இல் மறுபடி சினிமா கைகொடுக்க வந்தது, அல்லது வந்த மாதிரி இருந்தது. குமார் கௌரவ் நடித்த 'ஸ்டார்' படத்தில் இவர்களுடைய பாட்டுகள். அக்கா, தம்பி இருவரையும் நடிக்கவே கேட்டார்கள். பாட்டு போதும் என்று மறுத்துவிட்டார்கள். படம் விழுந்தது. 'பூம் பூம்' மட்டும் தப்பித்தது. என்னைக் கேட்டால் அவர்கள் செய்ததிலேயே சிறந்த பாட்டு அதுதான். 'டிஸ்கோ தீவானே'யில் இருக்கும் ஆர்ப்பாட்டம் இதில் இல்லை; பேஸ் கிதார் நிதானமாக முன்னே நடக்க, குரல் அதன்மேல் அலட்டிக்கொள்ளாமல் சாய்ந்து வரும். ஆடுகிறவன் வியர்க்காமல் ஆட வேண்டிய பாட்டு. எந்தப் படத்திலிருந்து வந்தது என்பதை ஜனம் மறந்துவிட்டு, பாட்டை மட்டும் வைத்துக்கொண்டது.

தமிழ் சினிமா அதற்குள் தன் டிஸ்கோவைத் தானே சமைக்க ஆரம்பித்திருந்தது. 1982இலேயே 'சகலகலா வல்லவன்' வந்துவிட்டது. இளையராஜாவின் புத்தாண்டுப் பாட்டு இன்றைக்கும் டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒலிக்கிறது. ஆனந்த் பாபு 'டிஸ்கோ டான்ஸர்' கதையைத் தமிழில் ஆடினார். சாந்தி என்ற நடிகைக்கு டிஸ்கோ என்பது பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. கிராமத்து ரெக்கார்ட் டான்ஸ் மேடைக்கு வேண்டிய சரக்கு கோடம்பாக்கத்திலிருந்தே வந்து இறங்கும்போது, லண்டன் சரக்கை யார் தேடிப் போவார்கள்?

'யங் தரங்' 1984இல் வந்தது. அதன் பாட்டுகளுக்கு வீடியோ எடுத்தார்கள். பாகிஸ்தானில் அதுதான் தொடக்கம் என்பார்கள். 1987இல் 'ஹாட்லைன்'. இசையமைப்பிலும் ஜோஹேப் கை வைக்க ஆரம்பித்திருந்தார். இரண்டும் விற்றன, முதல் இரண்டின் ஆரவாரம் இல்லை. இவற்றை நான் வேகமாகத் தாண்டிப் போகிறேன். வல்லத்திலிருந்து பார்த்தால் இரண்டும் கண்ணுக்கே தெரியாதவை.

கேசட் வியாபாரத்தின் உள்விவகாரம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1980களின் நடுவில் தட்டு போய்க் கேசட் வந்தபோது, டி-சீரிஸ் மாதிரிக் கம்பெனிகள் மலிவு விலையில் கொண்டுவந்து கொட்டின. அசல் கேசட் வாங்குகிறவன் பாதி. மீதிப் பேர் வெற்றுக் கேசட்டும் ஒரு துண்டுச் சீட்டுமாக ரெக்கார்டிங் சென்டருக்குப் போனவர்கள். சீட்டில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிடக் கேசட்டில் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். கடைக்காரர் சீட்டைப் பார்த்துக்கொண்டே "இது இல்ல, இதுக்குப் பதிலா வேற எழுது" என்று இரண்டை அடிப்பார். ஆக, ஒரு பாட்டு ஊருக்குள் நுழைவதும் நிற்பதும் அவருடைய பேனாவில் இருந்தது. அவரிடம் இல்லாத பாட்டு, இல்லாத பாட்டுதான்.

அசல் கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பொத்தல் இருக்கும். மேலே யாரும் பதிந்துவிடக் கூடாது என்று கம்பெனியே உடைத்து அனுப்பும் காப்பு அது. விற்காத கேசட்டுகளின் கதி அந்தப் பொத்தலில் தெரியும். செல்லோ டேப்பைக் கத்தரித்து இரண்டையும் மூடினால் போதும், அது மறுபடி வெற்றுக் கேசட். படம் ஓடாத பாட்டுகள், பெயர் தெரியாத ஆல்பங்கள், எத்தனையோ இப்படி 'சின்னத் தம்பி'க்கும் 'ரோஜா'வுக்கும் அடியில் போய்ப் புதைந்தன. பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் முன் சில நொடி, பழைய பாட்டின் வால் எட்டிப் பார்க்கும்.

'ஹாட்லைனு'க்கும் 'கேமரா கேமரா'வுக்கும் நடுவில் ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில்தான் கதை திரும்புகிறது. நாஸியா லண்டனில் வணிக நிர்வாகமும் பொருளாதாரமும் படித்தவர், பிறகு சட்டமும் படித்தார். நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் வேலை பார்த்தார். போதைப்பொருளுக்கு எதிராக 'பேன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ராஜஸ்தானின் ஏழைக் குழந்தைகளுக்காக நிதி திரட்டிக் கொடுத்ததும் உண்டு. பாட்டு அவருடைய நாளில் ஒரு ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

பாகிஸ்தானிலும் காற்று மாறியது. ஜியா உல் ஹக் ஆட்சி 1988இல் முடிந்தது. அடுத்த வருடம் அங்கே அரசுத் தொலைக்காட்சியில் 'மியூசிக் 89' என்று ஒரு நிகழ்ச்சி. தயாரிப்பு ஷோயப் மன்சூர், தொகுத்து வழங்கியவர்கள் நாஸியாவும் ஜோஹேபும். ஜுனைத் ஜம்ஷெத் பாடிய 'வைட்டல் சைன்ஸ்' மாதிரியான புதிய குழுக்களை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த மேடை. தங்களுக்கு அடுத்த தலைமுறையைத் தாங்களே கைபிடித்து அழைத்துவந்து, நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்கள். 1992இல் 'கேமரா கேமரா' கடைக்கு வந்தபோது, அந்த நாற்காலியில் கிதாரோடு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஆல்பம் போதைக்கு எதிரான பிரசாரத்தோடு சேர்த்து வெளியிடப்பட்டது. சிந்தசைசரும் டிரம் மெஷினும் ஆடச் சொல்கின்றன; கூடவே ஒரு புத்திமதியும் வருகிறது. புத்திமதிப் பாட்டு தமிழனுக்குப் புதிதில்லை. எம்.ஜி.ஆர். பாட்டில் பாதி அதுதான். ஆனால் எம்.ஜி.ஆர். பாட்டில் புத்தி சொல்கிறவர் நமக்கு முன்னால் நின்று, முகம் பார்த்து, விரல் நீட்டிச் சொல்வார். ஆட்டக் கூடத்துப் பாட்டுக்கு முகமும் விரலும் கிடையாது. காலுக்குத் தாளம் கிடைத்த நேரத்தில் காது பாதி மூடிக்கொள்கிறது. அக்கறையான நோக்கம்தான். பொருத்தமான வண்டியில் ஏற்றப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

வரவேற்பு சுமார். திட்டவும் ஆளில்லை, கொண்டாடவும் ஆளில்லை. முந்தைய நான்கில் எதனுடைய விற்பனையையும் அது தொடவில்லை.

காலம் சரியில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். டிஸ்கோ போய்விட்டது, கேபிள் டிவி இன்னும் ஊருக்குள் சரியாக வரவில்லை, சன் டிவியே அடுத்த ஏப்ரலில்தான், என்று. ஆனால் அதே 1992இல் பாபா சேகலின் 'தண்டா தண்டா பானி' இந்தியாவில் நன்றாக விற்றது. அதுவும் படமில்லாத ஆல்பம்தான், ஆட்டப் பாட்டுதான். பாபா சேகல் தன் பாட்டைத் தானே சுமந்துகொண்டு திரிந்தார். டிவியில் நின்றார், மேடையில் குதித்தார், கேலிக்கும் ஆளானார். இந்தி 'ரோஜா'வில் ருக்குமணி பாட்டைப் பாடியதும் அவர்தான். மறுபக்கம், சென்னையில் அதற்கு முந்தைய வருடம் மால்குடி சுபா பாடி 'செட் மீ ஃப்ரீ' என்று ஒரு ஆங்கில ஆல்பம் வந்தது. இசை ஏ.ஆர். ரஹ்மான். ஈ, காக்காய் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வருடம் கழித்து அதே ஆள், அதே கருவிகள், மணிரத்னத்தின் 'ரோஜா'. அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1993இல் 'ஜென்டில்மேன்' ரயில் பாட்டுக்குப் பிரபுதேவா ஆடியபோது, தமிழ்நாட்டுக்கு வேண்டிய ஆட்டப் பாட்டுக்கு முகம், உடம்பு, தாளம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டன.

ஆகவே நான் காலத்தைக் குற்றம் சொல்லத் தயாரில்லை. பாட்டைச் சுமக்க ஒரு சினிமா வேண்டும், இல்லையென்றால் ஒரு டிவி வேண்டும், இரண்டும் இல்லையென்றால் பாடியவராவது சுமக்க வேண்டும். 'கேமரா கேமரா'வைச் சுமக்கப் படம் இல்லை. சுமக்க வேண்டிய பாடகி, இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுக் கதவைப் பாதி சாத்திக்கொண்டிருந்தார். விடைபெறுகிறவர்களுக்குக் கூட்டம் சேரும் என்பது சினிமாவில். கேசட் கடையில் "இவங்க இனிமே பாட மாட்டாங்களாம்" என்றால், "அப்ப எதுக்கு வாங்கணும்?" என்றுதான் கேட்பான்.

இரட்டையர்களின் கடைசி முயற்சிகள் பொதுவாகவே இப்படித்தான் போகின்றன போலிருக்கிறது. விஸ்வநாதன்-ராமமூர்த்தி 1965இல் பிரிந்தவர்கள், முப்பது வருடம் கழித்து 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காகச் சேர்ந்தார்கள். இரண்டு மேதைகளும் உயிரோடு, ஒரே அறையில். படம் இருந்தது, சத்யராஜ் இருந்தார். அந்தப் பாட்டுகளில் எது இன்று யார் வாயில் இருக்கிறது? சேர்ந்திருந்த காலத்தின் பாட்டுகளோடு ஒப்பிட்டே ஜனம் கேட்கும். அந்தப் போட்டியில் யாரும் ஜெயித்ததில்லை.

'கேமரா கேமரா'வுக்குப் பிறகு பிட்டு நாஸியாவுக்கென்று இன்னொரு பாட்டு செய்தார். பெயர் 'மேட் இன் இந்தியா'. அந்தத் தலைப்பில் தான் பாடினால் பாகிஸ்தானியர் மனம் புண்படும் என்று நாஸியா மறுத்துவிட்டார். பாட்டு அலிஷா சினாய்க்குப் போனது. 1995இல் வெளியாகி, மிலிந்த் சோமன் வந்த வீடியோவோடு லட்சக்கணக்கில் விற்று, இந்தியில் ஆல்பம் என்ற வியாபாரத்துக்கே வாசல் திறந்தது. அதற்குள் கேபிள் வந்துவிட்டது. செஞ்சியில் இருந்தவனுக்கும் அந்த முகம் தெரிந்தது, வீடியோவில் வந்த அந்த மரப்பெட்டி தெரிந்தது, பாட்டு தெரிந்தது. ரேடியோ செட்காரரே "படமா?" என்று கேட்காமல் போட்ட முதல் இந்தி ஆல்பம் அதுவாகத்தான் இருக்கும். அதைப் பாடியிருந்தால் நாஸியாவின் கடைசி ஆல்பம் எது என்ற கணக்கே மாறியிருக்கும். மறுத்தது சரியா என்று எனக்கு ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கலைஞராக யோசித்தால் நஷ்டம். எல்லைக்கு இரு பக்கமும் ரசிகர்களை வைத்திருந்த ஒரே பாப் பாடகியாக யோசித்தால், வேறு என்ன செய்திருக்க முடியும்?

2000 ஆகஸ்ட் 13இல் நாஸியா லண்டனில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். வயது 35. பாகிஸ்தான் அரசு 2002இல் உயரிய விருதொன்றைக் கொடுத்துச் சிறப்பித்தது. ஜோஹேப் நீண்ட இடைவெளிக்குப் பின் 2006இல் 'கிஸ்மத்' என்று தனியாக ஒரு ஆல்பம் போட்டார். 2018 ஏப்ரல் 3, நாஸியாவின் பிறந்தநாளுக்குக் கூகுள் தன் முகப்பில் படம் வரைந்து வைத்தது.

மறந்துபோன டிஸ்கோவைத் தோண்டியெடுக்கும் காலம் இது. 1982இல் ரூபா என்ற வங்காளப் பெண் பாடி, யாரும் சீந்தாத 'டிஸ்கோ ஜாஸ்' தட்டை அமெரிக்கக் கம்பெனி ஒன்று 2019இல் மறுபதிப்பு செய்தது, பாடியவரே வியந்துபோனார். அப்படி ஒரு அதிர்ஷ்டம் 'கேமரா கேமரா'வுக்கு வரவில்லை. தோண்டுகிறவர்களுக்குத் தோல்வியும் முழுத் தோல்வியாக இருக்க வேண்டும், பாடியவரும் யாரென்றே தெரியாதவராக இருக்க வேண்டும். பேர்பெற்றவர்களின் சுமாரான ஆல்பத்துக்கு அந்தக் கவர்ச்சியும் கிடையாது.

சினிமா திரும்பி வந்தபோதும் முதல் ஆல்பத்தைத்தான் தூக்கியது. 2012இல் கரண் ஜோஹரின் 'ஸ்டூடண்ட் ஆஃப் தி இயர்' படத்துக்காக விஷால்-சேகர் 'டிஸ்கோ தீவானே'யை மறுபடி செய்தார்கள். சுனிதி சௌஹானோடு பாடியவர் நமக்கு ரஹ்மான் பாட்டுகளில் பழக்கமான பென்னி தயாள். பாடகர் வரிசையில் நாஸியாவின் பெயரும் உண்டு. செஞ்சி, திண்டிவனம் மண்டபங்களில் ரிசப்ஷன் ராத்திரி இப்போது ரேடியோ செட்டுக்குப் பதிலாக டிஜே வருகிறார். மேடைக்குப் பக்கத்தில் லேப்டாப், தரையில் இடுப்பளவு சப்-ஊஃபர், மேலே சுற்றுகிற விளக்கு. 'ரவுடி பேபி' முடிந்து, 'வாத்தி கம்மிங்' முடிந்து, கல்லூரிப் பெண்கள் நாலு பேர் போய்க் கேட்டால் இதையும் போடுவார். போன முகூர்த்தத்தில் அவரிடம் போய், இது யார் பாட்டு தெரியுமா என்று கேட்டேன். லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஆலியா பட் பாட்டுண்ணே" என்றார்.